‘பேச்சு வரவில்லை’ என்பது நோயின் பெயர் அல்ல: குழந்தைகளின் மொழிக் குறைபாட்டைக் கண்டறிவது எப்படி?

இரண்டரை வயதாகியும் குழந்தை நான்கைந்து சொற்களுக்கு மேல் பேசவில்லை. சென்னையில் இதைக் கேட்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். வீட்டுப் பெரியவர்கள், “இவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினான்” என்பார்கள். விளையாட்டுப் பள்ளி ஆசிரியை ஆட்டிசமோ என்று சந்தேகப்படுவார். உறவினர் கைபேசியைக் குற்றம் சொல்வார். இணையத்தில் தேடினால் ‘ஸ்பீச் டிலே’, ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்று புதுப்புதுச் சொற்கள் வந்து பயமுறுத்தும்.

பேச்சு வராமல் இருப்பது காய்ச்சலைப் போன்ற ஓர் அறிகுறி. டெங்குவா, டைபாய்டா, சாதாரணச் சளியா என்று பார்த்த பிறகே காய்ச்சலுக்கு மருந்து. இங்கும் அப்படித்தான். காது கேளாமை, மொழியைக் கற்பதில் உள்ள சிரமம், ஆட்டிசம், ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம், வாய்த் தசைகளை ஒருங்கிணைப்பதில் சிக்கல் என ஐந்துமே இரண்டரை வயதில் வெளியிலிருந்து ஒன்றுபோலத் தெரியும். இவற்றைப் பிரித்தறிவதுதான் மதிப்பீடு. அதைச் செய்யாமல் நேரே ‘தெரபி’யில் சேர்ப்பதும், எதுவும் செய்யாமல் காத்திருப்பதும் ஒரே தவறின் இரு முகங்கள்.

பேச்சு, மொழி, தொடர்பாடல்: மூன்றும் வேறு

1. பேச்சு என்பது ஒலியை உண்டாக்கும் வேலை. உச்சரிப்பு, குரல், தடையின்றிப் பேசும் ஓட்டம் ஆகியவை இதில் அடங்கும். திக்குவாய் பேச்சுக் குறைபாடு.

2. மொழி என்பது சொல்லும் பொருளும் இலக்கணமும். இதில் இரண்டு பாதிகள்: பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வது, தான் நினைப்பதைச் சொல்லாக்குவது. முதல் பாதி வெளியே தெரியாது. அதனாலேயே அது தவறவிடப்படுகிறது.

3. தொடர்பாடல் என்பது இவற்றைவிட அகன்றது. விரல் நீட்டிக் காட்டுவது, கண்ணைப் பார்ப்பது, தான் கண்ட காக்கையை அம்மாவும் பார்க்க வேண்டும் என்று திரும்புவது, ஒருவர் பேசி முடித்தபின் தான் பேசுவது எல்லாம் தொடர்பாடல். இதற்குச் சொல்லே தேவையில்லை.

இந்தப் பாகுபாடு ஏன் முக்கியம்? மூன்று வயதுக் குழந்தை ஒன்று ஆங்கிலப் பாடல்களை அட்சரம் பிசகாமல் பாடுகிறது. ‘ஏ’ முதல் ‘இசட்’ வரை ஒப்பிக்கிறது. விளம்பர வசனங்களைச் சொல்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. ஆனால் “உன் செருப்பு எங்கே?” என்று, செருப்பின் பக்கம் பார்க்காமல், கையால் காட்டாமல் கேட்டால் பதில் இல்லை, அல்லது அந்தக் கேள்வியையே திருப்பிச் சொல்கிறது. இங்கே பேச்சு நன்றாக இருக்கிறது. மொழியும் தொடர்பாடலும் பின்தங்கியிருக்கின்றன. மாறாக இன்னொரு குழந்தை ‘ரயில்’ என்பதை ‘லயில்’ என்கிறது, ஆனால் நீண்ட கதை சொல்கிறது. அதற்கு மொழிக் குறைபாடு இல்லை. இந்த இருவரில் முதல் குழந்தைக்கே உடனடிக் கவனம் தேவை. நடைமுறையில் மருத்துவரிடம் அழைத்துவரப்படுவது பெரும்பாலும் இரண்டாவது குழந்தை.

வயதும் எதிர்பார்ப்பும்

குழந்தைகளிடையே வேறுபாடு இயல்பு. ஆனாலும் கீழே உள்ளவை இல்லாவிட்டால், மதிப்பீட்டுக்குப் போவதற்கு அது போதிய காரணம்.

- 12 மாதத்துக்குள்: ‘பாபா’, ‘தாதா’ போன்ற மழலை ஒலிகள், பெயர் சொல்லி அழைத்தால் திரும்புதல், ‘டாட்டா’ காட்டுதல் போன்ற சைகைகள்.
- 18 மாதத்துக்குள்: வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுதல், பொருள் உணர்ந்து சொல்லும் சில சொற்கள், “பந்தை எடுத்து வா” போன்ற எளிய சொல்லைச் சைகையின்றிப் புரிந்துகொள்ளுதல்.
- 2 வயதில்: ஏறத்தாழ 50 சொற்கள், இரு சொற்களைச் சேர்த்துப் பேசுதல்.
- 3 வயதில்: வெளி ஆட்களுக்கும் பெரும்பாலும் புரியும் பேச்சு; ‘எங்கே’, ‘யார்’ கேள்விகளுக்கு விடை.
- 4 வயதில்: நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை ஏறக்குறைய வரிசையாகச் சொல்லுதல்.

எந்த வயதானாலும், பேசிக்கொண்டிருந்த சொற்களைக் குழந்தை இழந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஆட்டிசத்திலும், மொழியைத் தாக்கும் சில அரிய வலிப்பு நோய்களிலும் இப்படி நடக்கும்.

இந்தப் பட்டியலில் தமிழ்க் குழந்தைக்குப் பொருந்தாத ஓர் இடம் இருக்கிறது: ‘இரு சொற்களைச் சேர்த்தல்’. அந்த அளவுகோல் ஆங்கிலம் பேசும் குழந்தைகளைப் பார்த்து உருவானது. ஆங்கிலத்தில் நான்கு சொற்களில் வருவது தமிழில் ‘வரமாட்டேன்’ என்ற ஒரே சொல்லில் அடங்குகிறது: செயல், எதிர்மறை, யார் என்பது மூன்றும் அதற்குள்ளேயே. ‘நான்’ என்று தனியாகச் சொல்லத் தேவையே இல்லை. ஆகவே சொற்களை மட்டும் எண்ணினால் தமிழ்க் குழந்தையின் மொழித் திறன் குறைவாகத் தெரியும். எண்ண வேண்டியது சொல்லுக்குள் ஒட்டியிருக்கும் உறுப்புகளை. வேற்றுமை உருபுகள் வருகின்றனவா? ‘வந்தான், வந்தாள், வந்தேன்’ வேறுபாடு தெரிகிறதா? நான்கு வயதைக் கடந்தும் ‘அம்மா கடை போ’ என்ற அளவிலேயே, உருபும் காலமும் இன்றிக் குழந்தை பேசினால் அதுதான் உண்மையான தடயம்.

ஒலிகளிலும் இதே எச்சரிக்கை தேவை. ‘ர’, ‘ற’, ‘ழ’ ஆகியவை தமிழ்க் குழந்தைகளுக்குத் தாமதமாகக் கைவருபவை. சென்னைப் பெரியவர்கள் பலரே ‘பழம்’ என்பதை ‘பளம்’ என்றுதான் சொல்கிறார்கள்; வீட்டில் கேட்டதைச் சொல்லும் குழந்தையின் வாயில் அதைப் பிழை என்று குறிப்பது அநியாயம். குழந்தையை அதன் வீட்டுப் பேச்சோடு ஒப்பிட வேண்டும், பாடநூல் தமிழோடு அல்ல.

முதல் கேள்வி காதைப் பற்றியது

பேச்சு தாமதமாகும் எந்தக் குழந்தைக்கும் முதலில் செய்ய வேண்டியது கேட்புத் திறன் பரிசோதனை. இதற்கு விதிவிலக்கு கிடையாது. “கதவைத் தட்டினால் திரும்புகிறான், பாட்டுப் போட்டால் ஆடுகிறான், காது நன்றாகத்தான் இருக்கிறது” என்று பெற்றோர் உறுதியாகச் சொல்வார்கள். அவர்கள் பார்த்தது உண்மை, எடுத்த முடிவு தவறு. கதவுச் சத்தம் உரத்த, தாழ்ந்த சுருதி ஒலி. ‘ச’, ‘ஸ’ போன்றவை மெல்லிய, உயர்சுருதி ஒலிகள். முன்னதைக் கேட்டுப் பின்னதைத் தவறவிடும் காதோடு வளரும் குழந்தைக்குப் பேச்சு ஓட்டைகளோடுதான் வந்து சேரும்.

சளி பிடிக்கும்போதெல்லாம் நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. வலி இருக்காது, சீழ் வடியாது. கேட்பது மட்டும் சில வாரங்களுக்கு மங்கும், பிறகு தெளியும், மீண்டும் மங்கும். இதைப் பள்ளியில் ‘கவனக்குறைவு’ என்று எழுதிவிடுகிறார்கள்.

பரிசோதனைகள் எளியவை, வலியற்றவை. காதுக்குள் சிறு முனையை வைத்து உட்செவி எழுப்பும் எதிரொலியைப் பதிவு செய்வது ஓ.ஏ.இ. குழந்தை தூங்கும்போது தலையில் மின்முனைகள் ஒட்டி, ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறதா என்று பார்ப்பது ‘பெரா’. நடுக்காதில் நீர் இருக்கிறதா என்று சொல்வது டிம்பனோமெட்ரி. ஓ.ஏ.இ.யில் தேறிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. உட்செவி சரியாக இருந்து, நரம்பு வழியில் கோளாறு இருந்தால் ஓ.ஏ.இ. அதைக் காட்டாது. பிறந்தவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை, கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தை ஆகியோருக்கு ‘பெரா’ அவசியம். நெருங்கிய உறவில் மணம் புரிந்த பெற்றோரின் குழந்தைகளுக்குப் பரம்பரைக் காது கேளாமையின் வாய்ப்பு கூடுதல் என்பதால் அவர்களிடமும் அதே விழிப்பு வேண்டும்.

உலகம் முழுதும் ஏற்கப்பட்ட இலக்கு 1-3-6: ஒரு மாதத்துக்குள் முதற்கட்டப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் காது கேட்கும் கருவியும் பயிற்சியும். கேட்டலுக்கான மூளைப் பாதைகள் முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாக உருவாகின்றன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் உட்செவியில் மின்கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் சிகிச்சை ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. “ஐந்து வயதுவரை பார்க்கலாம்” என்று சொல்பவர் அந்தக் குழந்தையின் எதைப் பணயம் வைக்கிறார் என்பதை உணர வேண்டும்.

காத்திருக்கலாமா?

இரண்டு வயதில் தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பலர் பள்ளி வயதுக்குள் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள். இது உண்மை. ஆனால் யார் எட்டிப்பிடிப்பார், யார் பின்தங்குவார் என்பதை இரண்டு வயதில் எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அபாயத்தைக் கூட்டுபவை எவை என்பது மட்டும் தெரியும்:

1. சொன்னதைப் புரிந்துகொள்வதிலும் தாமதம். மற்ற எல்லாவற்றையும்விட இது கனமானது.
2. பேச்சு இல்லாததைச் சைகையால் ஈடுகட்டாமல் இருப்பது.
3. பொம்மைக்குச் சோறூட்டுவது, கட்டையைக் கார் என்று ஓட்டுவது போன்ற பாவனை விளையாட்டு இல்லாமை.
4. குடும்பத்தில் தாமதப் பேச்சு, படிப்பதில் சிரமம், மொழிக் குறைபாடு இருந்த வரலாறு.

நான்காவதைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டும். “அவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்” என்று ஆறுதலாகச் சொல்லப்படுவது, மதிப்பீட்டாளரின் குறிப்பேட்டில் அபாயக் காரணியாகவே ஏறும். மொழிக் குறைபாட்டில் மரபணுவின் பங்கு பெரிது. அந்த அப்பா பேசத் தொடங்கிய பிறகு பள்ளியில் படிக்கத் திணறினாரா என்று யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். “ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்” என்பதும் அப்படியே. இரு பாலினருக்கும் இடையிலான சராசரி வேறுபாடு மிகச் சிறியது; ஓராண்டுத் தாமதத்தை அது விளக்காது.

நாக்கில் வசம்பு தேய்ப்பதால் மொழி வராது. வசம்போடு தேன் குழைத்து ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்து. பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சுப் பாதிப்பு வரலாம். நாக்கின் அடிச்சவ்வு ஒட்டியிருப்பது சில ஒலிகளைப் பாதிக்கலாமே தவிர, குழந்தை சொற்களே கற்காமல் இருப்பதற்கு அது காரணம் அல்ல.

வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம்

சென்னையில் இது சாதாரணம். குழந்தைக்குப் பேச்சு தாமதம் என்றவுடன் “ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள்” என்ற அறிவுரை வருகிறது. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். பன்மொழிச் சூழல் மொழிக் குறைபாட்டை உண்டாக்குவதில்லை என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப உறுதியாகியிருக்கிறது. குறைபாடு உள்ள குழந்தையும் இரு மொழிகளைக் கற்கும். பெற்றோர் தமக்குச் சரளமில்லாத ஆங்கிலத்துக்கு மாறினால் குழந்தை இழப்பது பாட்டியின் கதை, அம்மாவின் கொஞ்சல், அப்பாவின் கேள்விகள் என அதற்குக் கிடைத்துக்கொண்டிருந்த செழுமையான பேச்சு முழுவதையும்.

மதிப்பீட்டில் இதற்கு இரண்டு விதிகள். ஒன்று, எல்லா மொழிகளிலும் உள்ள சொற்களைக் கூட்டி எண்ண வேண்டும். தமிழில் 30, தெலுங்கில் 25 தெரிந்த குழந்தையை ‘30 சொற்கள்’ என்று பதிவது பிழை. இரண்டு, உண்மையான குறைபாடு எல்லா மொழிகளிலும் தெரியும். வீட்டில் தெலுங்கில் ஓயாமல் பேசி, பள்ளி ஆங்கிலத்தில் மட்டும் திணறும் குழந்தைக்கு வேண்டியது அவகாசம், சிகிச்சை அல்ல. சந்தேகம் நீடித்தால், புதிய சொற்கள் சிலவற்றைச் சொல்லிக்கொடுத்து, அவற்றை எவ்வளவு எளிதாகப் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்பார்கள். தெரியாததையும் கற்க முடியாததையும் பிரித்துக்காட்டும் நல்ல வழி இது.

மதிப்பீட்டில் என்ன நடக்க வேண்டும்

1. வரலாறு கேட்டல். பிரசவம், நோய்கள், குடும்பம், வீட்டில் யார் எந்த மொழியில் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்பது வரை. பத்து நிமிடத்தில் முடியும் வேலை அல்ல.

2. கேட்புப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்தல்; வாய், அண்ணம், நாக்கு ஆகியவற்றின் அமைப்பையும் அசைவையும் சோதித்தல்.

3. விளையாட்டின்போது கவனித்தல். பெட்டியைத் திறக்க முடியாதபோது குழந்தை பெரியவரின் முகத்தைப் பார்த்து உதவி கேட்கிறதா, அல்லது அவர் கையை ஒரு கருவிபோல இழுத்து வைக்கிறதா? இந்த ஒரு நொடி பல கேள்வித்தாள்களைவிட அதிகம் சொல்லும்.

4. அளவுகோல்கள். மூன்று வயதுவரையான குழந்தைகளுக்குத் திருவனந்தபுரத்தில் உருவான ‘லெஸ்ட்’ மொழி அளவுகோல் உண்டு. ‘ரீல்ஸ்’ என்ற வெளிநாட்டு அளவுகோலும் புழக்கத்தில் இருக்கிறது. ஆட்டிசத்துக்கு 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான ‘எம்-சாட்’ கேள்விப்பட்டியல் முதற்கட்டச் சல்லடை மட்டுமே. அதில் மதிப்பெண் கூடினால் அடுத்த கட்டச் சோதனை தேவை என்று பொருள். ஆட்டிசம் உறுதி என்று பொருள் அல்ல. இந்தியாவில் 40 கூறுகள் கொண்ட ‘ஐசா’ அளவுகோல் ஆட்டிசத்தின் தீவிரத்தை அளக்கவும் சான்றளிக்கவும் பயன்படுகிறது.

5. பேச்சு மாதிரி. குழந்தை இயல்பாகப் பேசுவதைப் பதிவு செய்து, ஐம்பது, நூறு கூற்றுகளை எழுதி அலசுவது.

தமிழ்க் குழந்தைகளைப் பொறுத்தவரை ஐந்தாவதையே நான் மிக நம்பகமானதாகக் கருதுகிறேன். வெளிநாட்டுத் தேர்வின் படங்களையும் கேள்விகளையும் தமிழில் சொன்னால் அது தமிழ்த் தேர்வு ஆகிவிடாது. எந்தச் சொல் எளிது, எந்தச் சொல் கடினம் என்ற வரிசை மாறிவிடும். எந்த நாட்டுக் குழந்தைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் தருகிறார்கள் என்பதும் கேள்விக்குறியாகும். பேச்சு மாதிரிக்கு நேரமும் பொறுமையும் வேண்டும், அதனாலேயே அவசர மையங்களில் அது விடுபடுகிறது. அறிக்கையில் குழந்தை சொன்ன ஒரு வாக்கியம்கூட மேற்கோளாக இல்லை என்றால் பெற்றோர் காரணம் கேட்கலாம்.

‘மொழி வயது இரண்டு’ என்று எழுதியிருந்தால் நான்கு வயதுக் குழந்தையின் அறிவே இரண்டு வயது அளவுதான் என்று கலங்க வேண்டாம். அறிவுத்திறனைச் சொல்லில்லாத முறைகளில் தனியாக அளக்க வேண்டும். அது உளவியல் நிபுணரின் வேலை.

அறிக்கையில் வரக்கூடிய பெயர்கள்

காது, அறிவுத்திறன், ஆட்டிசம் எதுவும் காரணமாக இல்லாமல், மொழியைக் கற்பதே நீடித்த சிரமமாக இருந்தால் அது ‘வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு’. 2016, 2017-ஆம் ஆண்டுகளில் பிரிட்டிஷ் உளவியலாளர் டாரதி பிஷப் தலைமையிலான பன்னாட்டு வல்லுநர் குழு இந்தப் பெயரை முன்வைத்தது. இங்கிலாந்து ஆய்வின்படி ஏறத்தாழ 7 விழுக்காடு குழந்தைகளுக்கு இது இருக்கிறது. 30 பேர் வகுப்பில் இருவர். ஆட்டிசத்தைவிட இது பரவலானது, ஆனால் இந்தப் பெயரைக் கேள்விப்பட்ட ஆசிரியர்கள் மிகக் குறைவு. இந்தக் குழந்தைகள் பேசுவார்கள். ஐந்தாம் வகுப்பில் கணக்குப் போடத் தெரிந்தும், கணக்கின் வாக்கியம் புரியாமல் விட்டுவிடுவார்கள். ‘சோம்பேறி’ என்ற பட்டம் பல ஆண்டுகளுக்கு அவர்கள்மேல் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் கலகலப்பாகப் பேசி, பள்ளியில் மாதக்கணக்கில் வாயே திறக்காத குழந்தைக்கு இருப்பது பதற்றம் சார்ந்த ‘தேர்ந்த மௌனம்’. கட்டாயப்படுத்திப் பேசவைத்தால் அது கூடும். இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் தொடங்கும் திக்குதல் பெரும்பாலும் தானே மறையும். குடும்பத்தில் யாருக்கேனும் அது நீடித்திருந்தாலோ, குழந்தை பேசவே தயங்கினாலோ உடனே காட்ட வேண்டும்.

திரையை அதிகம் பார்ப்பதால் வருவதாகச் சொல்லப்படும் ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’, அமெரிக்க மனநல மருத்துவர்களின் டி.எஸ்.எம்-5 கையேட்டிலோ உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 நோய்ப் பட்டியலிலோ இல்லாத பெயர். திரை நேரம் பொருட்டல்ல என்று இதற்குப் பொருள் இல்லை. இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. திரை ஓடும்போது வீட்டில் மனிதப் பேச்சு நின்றுவிடுகிறது, இழப்பு அதில்தான். ஆனால் ‘கைபேசியால் வந்தது’ என்று முடிவுகட்டி ஆட்டிச மதிப்பீட்டைத் தள்ளிப்போடுவது குழந்தைக்குச் செய்யும் தீங்கு.

சென்னையில் எங்கே போகலாம்

2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வருகின்றன. மொழித் தாமதமும் காது கேளாமையும் அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் உள்ளவை. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் ஆகியவை அரசு வழிகள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் பேச்சு, மொழி, கேட்பியலுக்குத் தனித் துறை உண்டு. தனியார் மையத்துக்குப் போவதானால் மதிப்பிடுபவரின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் (இத்துறை வல்லுநர்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு) பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. சில வாரச் சான்றிதழ் வகுப்பு முடித்தவர் மதிப்பீட்டு அறிக்கை எழுதக் கூடாது.

சட்டத்தில் ஒரு விரிசல்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வரையறுக்கும் 21 வகைகளில் ‘பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு’ ஒன்று. ஆனால் அது உடல் உறுப்பு அல்லது நரம்பு சார்ந்த காரணத்தால் வரும் நிரந்தரக் குறைபாட்டைக் குறிக்கிறது. குரல்வளை அகற்றப்பட்டவரும், பக்கவாதத்தால் மொழி இழந்தவரும் அதற்குள் வருவார்கள். காரணம் புலப்படாத வளர்ச்சிசார் மொழிக் குறைபாடுள்ள குழந்தை அதில் எளிதாகப் பொருந்தாது. அதே சட்டத்தின் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற வகை, பேச்சு மொழியைக் கையாள்வதில் உள்ள சிரமத்தையும் சேர்த்துக்கொள்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், எழுதுபவர் உதவி போன்ற சலுகைகளுக்கு இந்தக் குழந்தைகள் போக வேண்டிய வழி அதுதான். அந்தச் சான்றிதழ் பொதுவாக எட்டு வயதுக்குப் பிறகே கிடைக்கும். நான்கு வயதில் எழுதப்பட்ட முதல் மதிப்பீட்டு அறிக்கையையும் அடுத்தடுத்த அறிக்கைகளையும் பத்திரமாக வைத்திருந்தால், சிரமம் தொடக்கம் முதலே இருந்தது என்பதற்கு அவையே சான்று. சிகிச்சையைத் தொடங்கவோ எந்தச் சான்றிதழும் தேவையில்லை.